பிரபல கலைஞர்களின் மின் கிட்டார் ரெப்ளிகா: தேர்வு முதல் பராமரிப்பு வரை முழுமையான வழிகாட்டி

எரிக் கிளாப்டன் 1970இல் நாஷ்வில் நகரத்துக் கடை ஒன்றில் பல பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை (ஃபெண்டர் நிறுவனத்தின் மாடல், சுருக்கமாக 'ஸ்ட்ராட்') மொத்தமாக வாங்கினார். அவற்றில் மூன்றின் சிறந்த பாகங்களைப் பிரித்துச் சேர்த்து உருவானதுதான் 'பிளாக்கி' என்ற கறுப்பு கிட்டார். 2004இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 9,59,500 டாலருக்குப் போனது. 2006இல் ஃபெண்டரின் சிறப்புத் தயாரிப்புப் பிரிவான கஸ்டம் ஷாப் அதே கிட்டாரை, ஹெட்ஸ்டாக்கில் (தலைப்பகுதியில்) இருக்கும் சிகரெட் சூட்டுத் தழும்பு உட்பட, 275 பிரதிகளாகச் செய்து விற்றது. ஒன்றின் விலை 20,000 டாலருக்குக் குறையவில்லை.

இந்த அளவு பணம் போடுகிறவர் மரத்தையும் கம்பியையும் மட்டும் வாங்குவதில்லை. ஒரு குறிப்பிட்ட கிட்டார், அதன் வாழ்நாளில் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் எப்படி இருந்ததோ அந்த நிலையை வாங்குகிறார். அதற்கு ஆதாரமாக இருக்கும் காகிதங்களையும் சேர்த்து வாங்குகிறார். இந்த இரண்டையும் சரிபார்க்கத் தெரிந்தால் போதும். மற்றவை பழகப் பழக வரும்.

படி 1: எந்த வகை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

விளம்பரங்களில் எல்லாமே 'ரெப்ளிகா' என்றுதான் இருக்கும். உண்மையில் நான்கு வகை உண்டு, நான்குக்கும் விலை நடத்தை வேறு.

முதலாவது, சிக்னேச்சர் மாடல். கலைஞரின் விருப்பப்படி தொழிற்சாலையில் வழக்கமாகத் தயாராவது. அவருடைய பழைய கிட்டாரின் தழும்புகள் பெரும்பாலும் அதில் இருக்காது. வாசிக்க அருமையானது, சேகரிப்புப் பொருளாகப் பெரிதாக விலை ஏறாது. இரண்டாவது, எண்ணிடப்பட்ட டிரிபியூட். அசல் கிட்டாரையே பிரித்து அளந்து, குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் செய்யப்படுவது. பிளாக்கி, 2004இல் 100 மட்டுமே வந்த ஸ்டீவி ரே வான் 'நம்பர் ஒன்', 2007இல் 300 வந்த எட்டி வான் ஹேலனின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' எல்லாம் இந்த வகை. விலையுயர்ந்த சேகரிப்பு என்று பேசும்போது பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறோம்.

மூன்றாவது, தனிக் கைவினைஞர் செய்தவை. பிரையன் மேயின் 'ரெட் ஸ்பெஷல்' போன்ற கிட்டாருக்கு இது இயல்பான வழி, ஏனென்றால் அசலே தொழிற்சாலைப் பொருள் அல்ல. 1960களில் பிரையனும் அவர் தந்தையும் பழைய கணப்படுப்பின் மேற்பலகையாக இருந்த மகோகனியில் கழுத்துப் பகுதியான நெக்கைச் செதுக்கி வீட்டிலேயே செய்தது அது. தரம் நிறுவனப் படைப்புகளையே மிஞ்சலாம்; ஆனால் மறுவிற்பனை முழுக்கச் செய்தவரின் பெயரைப் பொறுத்தது. நான்காவது, பாகங்களைத் தனித்தனியாக வாங்கிக் கோர்த்தது. எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், விற்கும்போது பாகங்களின் கூட்டு விலைக்கு மேல் எதிர்பார்க்கக்கூடாது.

ஃபெண்டரில் இன்னொரு பிரிவும் இருக்கிறது. 'டீம் பில்ட்' என்பது கஸ்டம் ஷாப் குழு சேர்ந்து செய்தது. 'மாஸ்டர் பில்ட்' என்பது பெயர் குறிப்பிடப்பட்ட ஒரே கைவினைஞரின் பொறுப்பில் உருவானது. சான்றிதழில் அவர் பெயர் இருக்கும். ஒரே டிரிபியூட் இரண்டு விதமாகவும் வந்திருந்தால் விலை வித்தியாசம் பெரிது. விற்பவர் 'கஸ்டம் ஷாப்' என்று மட்டும் சொன்னால், எது என்று எழுத்தில் கேளுங்கள்.

படி 2: எந்த ஆண்டின் கிட்டார்?

புதிதாகச் சேகரிப்பவர்கள் அதிகம் தவறவிடும் கேள்வி இதுதான்.

மேடையில் உழைத்த கிட்டார் எதுவும் ஒரே நிலையில் இருந்ததில்லை. டேவிட் கில்மரின் 'பிளாக் ஸ்ட்ராட்' 1970இல் வாங்கப்பட்டது. 2019 ஏலத்தில் 39,75,000 டாலருக்கு விற்றது. இடைப்பட்ட காலத்தில் பல நெக்குகள் மாறின, பிக்கப்கள் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்கள்) மாறின, பிக்கார்டு (முன்பக்கப் பாதுகாப்புத் தகடு) வெள்ளையிலிருந்து கறுப்பானது, ஒரு கட்டத்தில் கேலர் ட்ரெமோலோவுக்காக (சுருதியை அசைக்கும் கைப்பிடி அமைப்பு) பாடியே குடையப்பட்டுப் பிறகு அடைக்கப்பட்டது. ஃபெண்டர் 2008இல் வெளியிட்ட சிக்னேச்சர் அதன் பிற்கால நிலையைப் பின்பற்றுகிறது: குட்டையாக வெட்டப்பட்ட ட்ரெமோலோ கை, எந்த நிலையிலும் நெக் பிக்கப்பைச் சேர்த்துக்கொள்ளும் சிறு சுவிட்ச், 1983 கால நெக்கின் வடிவம். 1970களின் தொடக்கத்து ஒலிப்பதிவுகளைக் காதில் வைத்துக்கொண்டு இதை வாங்குகிறவர், அப்போதைய கிட்டார் இது அல்ல என்று தெரிந்தே வாங்க வேண்டும்.

ஆகவே ஒரு தாளை எடுத்து மூன்று வரி எழுதுங்கள். நீங்கள் விரும்பும் கிட்டார் எந்தக் காலத்து நிலை? நிறுவனம் நகலெடுத்தது எந்தக் காலத்து நிலை? இரண்டுக்கும் நடுவே என்ன வேறுபாடு? மூன்றாவது வரி நீளமாக இருந்தால் பணத்தை எடுக்காதீர்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஸ்லாஷ் தன் முதல் பெரிய இசைத்தொகுப்பில் வாசித்த லெஸ் பால் (கிப்சன் நிறுவனத்தின் புகழ்பெற்ற மாடல்), கிப்சன் செய்ததே அல்ல; கிரிஸ் டெரிக் என்ற கைவினைஞர் 1959 லெஸ் பாலைப் பார்த்துச் செய்த நகல். பின்னாளில் கிப்சனே அதை நினைவுகூரும் மாடலை வெளியிட்டது. நகலுக்கும் நகல், அதற்கும் ஒரு விலை. அசல் என்ற சொல் இந்த உலகத்தில் அவ்வளவு நேராக நிற்பதில்லை.

அசலின் விசித்திரங்களையும் இந்தக் கட்டத்திலேயே படித்துவிடுங்கள். இல்லாவிட்டால் சரியான நகலைப் பார்த்துவிட்டு 'பழுது' என்று நினைப்பீர்கள். ஃபிராங்கன்ஸ்டைனில் நெக் பக்கம் இருக்கும் பிக்கப் வேலை செய்யாது; நடுவில் கிடக்கும் சுவிட்சும் வெறும் அலங்காரம்; 'டோன்' என்று எழுதிய குமிழ் உண்மையில் வால்யூம். ட்ரெமோலோவுக்கு அடியில் 1971ஆம் ஆண்டு கால் டாலர் நாணயம் திருகப்பட்டிருக்க வேண்டும். ஸ்டீவி ரே வானின் நம்பர் ஒன்னில் வலக்கைக் கிட்டாரில் இடக்கை ட்ரெமோலோ, அதாவது கை மேல்பக்கம் இருக்கும். ஜிம்மி பேஜின் 'நம்பர் டூ' லெஸ் பாலில் பிக்கார்டுக்கு அடியில் இரண்டு அழுத்துப் பொத்தான்கள் ஒளிந்திருக்கும். ரெட் ஸ்பெஷலில் பூஜ்ய ஃப்ரெட்டும் (ஃப்ரெட் என்பது விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) 24 அங்குல ஸ்கேலும் (கம்பியின் அதிரும் நீளம்) இருக்க வேண்டும்.

படி 3: காகிதங்கள்

கிட்டாரைத் தொடுவதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள். சான்றிதழ் இல்லாத டிரிபியூட்டை நல்ல விலைக்கு மறுபடி விற்பது கடினம். முழுத் தொகுப்பு என்றால் இவை: எண்ணும் சீரியலும் எழுதப்பட்ட சான்றிதழ், அந்த வெளியீட்டுக்கே உரிய கேஸ் (கிட்டாரை வைக்கும் பெட்டி), கேஸுக்குள் வந்த பட்டை, சாவி, கேபிள், சிறு பொருட்கள், தொழிற்சாலை அட்டைகள், முதல் விற்பனை ரசீது.

சான்றிதழில் உள்ள சீரியலும் கிட்டாரில் உள்ளதும் ஒன்றா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பிறகு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அந்த எண்ணை அனுப்பி, எந்த மாடல், எந்த நிறம், எந்த ஆண்டு என்று கேளுங்கள். கிப்சன் கஸ்டமின் வழக்கமான பழைய மாடல் மறுவெளியீடுகளில் சீரியலே ஓரளவு பேசும்: 1959 லெஸ் பாலின் மறுவெளியீடு என்றால் முதல் இலக்கம் 9, அடுத்தது தயாரான ஆண்டின் கடைசி இலக்கம். கலைஞர் டிரிபியூட்களில் பெரும்பாலும் தனி முன்னெழுத்து வரும். 'டிரிபியூட்' என்று சொல்லப்படும் கிட்டாரில் சாதாரண மறுவெளியீட்டின் சீரியல் இருந்தால், யாரோ தேய்த்து, அடித்து, பழசாக்கி, பெயர் சூட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

கையெழுத்துள்ள பிரதிகளில் கையெழுத்து எங்கே இருக்கிறது என்பது முக்கியம். ஹெட்ஸ்டாக்கின் பின்னால் லாக்கருக்கு (மேற்பூச்சுக்கு) அடியில் இருந்தால் நல்லது. பிக்கார்டில் இருந்தால், அது சில திருகுகளில் கழன்று இன்னொரு கிட்டாருக்குப் போய்விடக்கூடிய பொருள். தொழிற்சாலைச் சான்றிதழே கையெழுத்தைக் குறிப்பிடாவிட்டால் அதற்கென்று ஒரு காசும் கூடுதலாகத் தராதீர்கள்.

படி 4: நேரில் சோதனை

தேவையானவை: மல்டிமீட்டர், கிட்டார் கேபிள், சிறிய கண்ணாடி, புற ஊதா டார்ச், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், நல்ல வெளிச்சம். ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் திரும்பி வந்துவிடலாம்.

ஹெட்ஸ்டாக்கில் ஆரம்பியுங்கள். கிப்சனில் ஹெட்ஸ்டாக் 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும். நட்டுக்குச் (நெக்கின் நுனியில் கம்பிகள் அமரும் பட்டை) சற்று மேலே டிரஸ் ராடுக்காக (நெக்கை நேராக வைக்கும் உலோகத் தண்டு) மரம் குடையப்பட்டிருப்பதால் அந்த இடம்தான் மிகப் பலவீனமானது. கேஸ் ஒருமுறை பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தாலே போதும், அங்கே முறியும். நன்றாக ஒட்டிய முறிவு வாசிக்கத் தடையில்லை, ஆனால் விலையில் பாதியளவு போய்விடும். பின்பக்கத்தில் விரலால் தடவிப் பாருங்கள்; பிறகு விளக்கை அணைத்துவிட்டு புற ஊதா ஒளியை அடியுங்கள். மேலே புதிதாகப் பூசிய லாக்கர் சுற்றியுள்ள பரப்பிலிருந்து வேறு நிறத்தில், பெரும்பாலும் கருந்திட்டாக, பிரிந்து தெரியும். தொழிற்சாலையே செய்த பழசாக்கலில் தேய்ந்த விளிம்புகள் படிப்படியாக மங்கும். பின்னால் யாரோ சேர்த்த தேய்மானம் வெட்டினாற்போல நிற்கும்.

லாக்கர் வெடிப்புக் கோடுகளையும் லென்ஸில் பாருங்கள். பழைய முறையில் கிப்சன் வெடிப்புகளைக் கத்தியால் கீறிச் செய்தார்கள். அவை பெரும்பாலும் நேராக, இணையாக ஓடும். கிப்சனின் பழசாக்கல் நிபுணர் டாம் மர்ஃபியின் பெயரில் அமைந்த மர்ஃபி லேப் வந்த பிறகு, லாக்கர் தானாகவே வெடிக்கும் வழிக்கு மாறினார்கள். கோடுகள் ஒழுங்கற்று வலைபோலப் பரவும். மர்ஃபி லேப்புக்கு முந்தைய டிரிபியூட்டில் வலை போன்ற வெடிப்பு இருந்தால் குளிரில் அடிபட்டிருக்கலாம். அது தவறல்ல, ஆனால் விற்பவர் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்து திருகுகள். பிக்கார்டு, பிரிட்ஜ் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பாகம்), கண்ட்ரோல் மூடி எல்லாவற்றிலும் திருகுத் தலையின் பள்ளத்தைப் பாருங்கள். துருவேற்றிய திருகில் பளபளக்கும் புதுக் கீறல் இருந்தால் அது திறக்கப்பட்டிருக்கிறது. திறந்தது குற்றமில்லை, ஏன் திறந்தார்கள் என்பதற்கு விடை வேண்டும்.

இப்போது மின்பகுதி. கேபிளைச் செருகி, எல்லாக் குமிழ்களையும் முழுதாகத் திறந்து, கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வையுங்கள். ஒவ்வொரு பிக்கப்பாகத் தேர்ந்தெடுத்து எண்ணைக் குறியுங்கள். 1950களின் ஸ்ட்ராட் பாணி பிக்கப் சுமார் 5.5 முதல் 6.5 கிலோ ஓம், பி.ஏ.எஃப். (1950களின் கிப்சன் பிக்கப்) பாணி ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) சுமார் 7 முதல் 9 வரை காட்டும். வால்யூம் பாட் (குமிழுக்கு அடியில் உள்ள மாறுதடை) குறுக்கே நிற்பதால் அளவு சற்றுக் குறைந்தே வரும்: 500 கிலோ ஓம் பாட்டுடன் இருக்கும் 8.0 கிலோ ஓம் பிக்கப் 7.87 என்றுதான் காட்டும். வெப்பமும் விளையாடும். செம்புக் கம்பியின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் மாறும். 10 டிகிரி குளிரான அறையில் அளந்தால் 4 சதவீதம் குறையும். ஆகவே வெளியான அட்டவணையோடு இம்மி பிசகாமல் பொருந்தவில்லை என்று பதற வேண்டாம். 6 இருக்க வேண்டிய இடத்தில் 13 வந்தால் பிக்கப் மாறியிருக்கிறது. எண்ணே வராமல் முடிவிலி காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது, அல்லது அது ஃபிராங்கன்ஸ்டைனின் பொய் பிக்கப் போன்றது.

சில கிட்டார்களில் தனிச் சோதனை வேண்டும். பீட்டர் கிரீன், கேரி மூர், கர்க் ஹாமெட் என்று கைமாறிய 1959 லெஸ் பால் 'கிரீனி'யின் புகழே அதன் நடு நிலையில் கேட்கும் மெலிந்த, மூக்கால் பேசும் ஒலிதான். நெக் பிக்கப்பின் காந்தத் துருவம் தலைகீழாக இருப்பது அதன் காரணம்; பிக்கப் திருப்பி மாட்டப்பட்டிருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும், அதனால் மட்டும் அந்த ஒலி வராது. இரண்டு பிக்கப்பையும் முழு ஒலியில் சேர்த்து வாசியுங்கள். பிறகு ஒன்றின் வால்யூமை மெல்லக் குறையுங்கள். குறைக்கக் குறைக்க ஒலி தடித்து நிறைந்தால் எதிர்நிலை சரியாக இருக்கிறது. முதலிலிருந்தே தடித்த ஒலிதான் வருகிறது என்றால், முந்தைய உரிமையாளர் யாரோ 'பழுதுபார்த்து' காந்தத்தைத் திருப்பிவிட்டார். பேஜ் நம்பர் டூவில் ஒவ்வொரு குமிழையும் இழுத்து, ஒளிந்த பொத்தான்களையும் அழுத்தி, எல்லாச் சேர்க்கைகளையும் கேட்டுவிடுங்கள். இந்தச் சுவிட்சுகள்தான் முதலில் பழுதாகும்.

பின்மூடியைத் திறக்க அனுமதி கிடைத்தால் பாட்களின் முதுகைப் பாருங்கள். 137 என்று தொடங்கும் குறியீடு சி.டி.எஸ். நிறுவனத்தைக் குறிக்கும், தொடரும் இலக்கங்கள் ஆண்டும் வாரமும். உதாரணமாக 1377631 என்றால் 1976இன் 31ஆவது வாரம். கிட்டார் வெளியான ஆண்டுக்குப் பின்னால் பிறந்த பாட் உள்ளே இருந்தால் அது மாற்றப்பட்டது. ஈயப் பற்றவைப்பும் ஒரே மாதிரி மங்கலாக இருக்க வேண்டும்; ஒன்று மட்டும் மினுங்கினால் அங்கே கை பட்டிருக்கிறது.

நெக்கைக் கழற்றிப் பார்க்கலாமா? ஃபெண்டரில் நான்கு திருகுதான், ஆசை வரும். ஆனால் நெக்கும் பாடியும் சேரும் இடத்தில் நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் ஒட்டிக்கொண்டிருக்கும். இழுத்தால் விளிம்பில் சில்லு பெயரும். முந்தைய விற்பனையின்போது எடுத்த படம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், சந்தேகத்துக்கு வேறு காரணம் இருந்தால் மட்டும், அனுபவமுள்ள பழுதுபார்ப்பவர் கையால் செய்யுங்கள்.

படி 5: போலியைக் கண்டுபிடித்தல்

டிரிபியூட்டின் விலைக்குப் போலி கிப்சன்களை விற்கும் துணிச்சல்காரர்களும் உண்டு. பெரும்பாலும் சின்னச் சின்ன இடங்களில் மாட்டிக்கொள்வார்கள். டிரஸ் ராடு மூடியில் கிப்சனுக்கு இரண்டு திருகு; மூன்று இருந்தால் அங்கேயே நிறுத்தலாம். பிரிட்ஜைத் தாங்கும் தண்டுகளில் தடித்த பெரிய திருகுத் தலை, உள்ளே விரல்நுனி அளவுச் சிறு பாட்கள், நூல்களாகக் கிடக்கும் பிளாஸ்டிக் உறைக் கம்பிகள் ஆகியவை மலிவுத் தொழிற்சாலையின் முத்திரைகள். 1950கள் பாணிக் கிப்சனில் உலோகப் பின்னல் உறையிட்ட ஒற்றைக் கம்பி இருக்கும். ஃபிங்கர்போர்டு (விரல்பலகை) ஓரத்துப் பைண்டிங் (விளிம்புப் பட்டை) ஒவ்வொரு ஃப்ரெட் முனையையும் சிறு மேடாக மூடியிருக்க வேண்டும். ஃப்ரெட் பைண்டிங்கின் மேல் ஏறி நின்றால், புதிதாக ஃப்ரெட் போட்டிருக்கிறார்கள் அல்லது கிட்டாரே போலி.

ஃபெண்டரில் போலியைவிடப் 'பதவி உயர்வு' தான் அதிகம். சாதாரண ஸ்ட்ராட்டில் நல்ல நெக்கை மாட்டி டிரிபியூட் என்பார்கள். அசலின் தழும்பு வரைபடம் இங்கே உதவும். தொழிற்சாலை ஒரே மூலத்திலிருந்து நகலெடுத்ததால் எல்லாப் பிரதிகளிலும் பெரிய தேய்மானங்கள் ஒரே இடத்தில், ஒரே வடிவில் இருக்கும். வேறு எண்ணுள்ள இரண்டு பிரதிகளின் தெளிவான படங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைக்கும்.

படி 6: மரமும் சட்டமும்

ஃபிங்கர்போர்டு பிரேசிலியன் ரோஸ்வுட் என்றால் கவனம். அந்த மரம் 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. நாட்டு எல்லையைத் தாண்டி விற்க உரிய அனுமதிகள் வேண்டும்; இல்லாமல் அனுப்பினால் சுங்கத்தில் பறிமுதலாகலாம், திரும்பக் கிடைக்காது. மற்ற ரோஸ்வுட் வகைகள் 2017 ஜனவரியில் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தன. 2019 நவம்பரில் முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. அந்த இடைக்கால விளம்பரங்களைப் படித்துவிட்டு எல்லா ரோஸ்வுட்டுக்கும் பயப்பட வேண்டியதில்லை. பிரேசிலியனுக்கு மட்டும் அந்த விலக்கு பொருந்தாது. விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பாமல் வெளியீட்டு விவரத் தாளில் மரத்தின் பெயரைப் பாருங்கள்.

படி 7: விலை

கேட்கும் விலை விலையல்ல. விற்ற விலைதான் விலை. ஒரே வெளியீட்டின் கடைசி மூன்று நான்கு விற்பனைகளைத் தேடி, அவற்றின் நிலை, சான்றிதழ், கேஸ் விவரங்களோடு எழுதிவையுங்கள். ஏலத்தில் அடித்த விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் வாங்குவோர் கட்டணம் சேரும், அது சிறிய தொகை அல்ல. அதன்மேல் வரி, சுங்கம், காப்பீட்டோடு அனுப்பும் செலவு. எல்லாவற்றையும் கூட்டிய எண்ணைத்தான் பட்ஜெட்டோடு ஒப்பிட வேண்டும்.

முதல் எண் பிரதிக்கோ, அசலின் சொந்தக்காரர் நேரில் வாசித்துப் பார்த்த பிரதிக்கோ கூடுதல் விலை நியாயம். 17ஆம் எண்ணுக்கும் 217ஆம் எண்ணுக்கும் விலை வித்தியாசம் கேட்டால் தரவேண்டியதில்லை. வெளியான முதல் சில மாதங்களின் பரபரப்பில் வாங்குவதும் பெரும்பாலும் நஷ்டமே. அதே கிட்டாரைப் பிறகு நிறுவனம் வேறு விலையில், வேறு எண்ணிக்கையில் மறுபடி வெளியிடுவது வழக்கம். பேஜ் நம்பர் ஒன் 2004இல் வந்தபோதே கையெழுத்திட்ட 25, பழசாக்கிய 150, அதற்குக் கீழே எண்ணிக்கைக் கட்டுப்பாடில்லாத சாதாரணப் பதிப்பு என்று மூன்று அடுக்கு இருந்தது. எந்த அடுக்கு என்று தெரியாமல் விலை பேசுவது வீண்.

படி 8: அனுப்புதலும் வரவேற்பும்

கம்பிகளை முழுதாகக் கழற்றாதீர்கள். நெக் பின்னால் வளையும். இரண்டு மூன்று அரைச்சுரம் இறக்கினால் போதும். ட்ரெமோலோ கையைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். கேஸுக்குள் ஹெட்ஸ்டாக்கின் அடியிலும் இருபுறமும் மென்மையான தாளைச் சுருட்டி வையுங்கள், ஆனால் அழுத்தித் திணிக்கக்கூடாது. ஹெட்ஸ்டாக் ஆடாமலும் இருக்க வேண்டும், எதிலும் முட்டுக்கொடுக்கவும் கூடாது. கேஸ் ஒரு பெட்டிக்குள், அந்தப் பெட்டி இன்னொரு பெட்டிக்குள், நடுவே எல்லாப் பக்கமும் குறைந்தது 5 செ.மீ. நிரப்பு. மதிப்பைக் குறைத்து எழுதிச் சுங்கத்தை மிச்சப்படுத்த நினைத்தால், உடைந்தால் கிடைக்கும் இழப்பீடும் அந்தக் குறைந்த எண்ணுக்குத்தான்.

வந்து சேர்ந்ததும் கேஸைத் திறக்காதீர்கள். குளிரிலிருந்து வந்த நைட்ரோ லாக்கர் வெப்பமான அறையில் திடீரென்று விரிந்தால் கண்ணெதிரே வெடிக்கும். பெட்டியை மட்டும் பிரித்து, மூடிய கேஸை 24 மணி நேரம் அறையில் வைத்த பிறகு திறவுங்கள். திறப்பதை இடைவெட்டில்லாமல் வீடியோ எடுங்கள்.

படி 9: வைத்திருத்தல்

ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம், வெப்பம் 20 முதல் 25 டிகிரி. 40க்குக் கீழே போனால் ஃபிங்கர்போர்டு சுருங்கி ஃப்ரெட் முனைகள் துருத்தும். 60ஐத் தாண்டினால் உலோகம் துருப்பிடிக்கும், நெக் அசையும். ஒவ்வொரு கேஸிலும் ஒரு சிறு ஈரப்பதமானி வையுங்கள். ஈரப்பதப் பொட்டலம் வைத்தால் அது லாக்கரைத் தொடாதபடி துணிப்பையில் இடுங்கள்.

ஸ்டாண்டு விஷயத்தில்தான் அதிகம் அழிகிறது. ரப்பர், நுரை, வினைல் மூன்றும் நைட்ரோவோடு வினைபுரிந்து அதை இளக்கி ஒட்டிக்கொள்ளும். ஒரே வாரத்தில் நெக்கின் பின்னால் அழியாத தடம் விழுந்த கிட்டார்கள் எத்தனையோ. 'நைட்ரோவுக்குப் பாதுகாப்பானது' என்று விற்கும் ஸ்டாண்டிலும் தொடும் இடத்தைப் பருத்தித் துணியால் சுற்றுங்கள். வினைல் பட்டையைக் கிட்டாரின் மேலேயே போட்டுக் கேஸை மூடுவதும் இதே தவறு.

துடைக்க உலர்ந்த பருத்தித் துணி மட்டும். பழசாக்கிய கிட்டாரில் பாலிஷ் போட்டால் தொழிற்சாலை ஏற்றிய மங்கல் போய்விடும், அது பணம் கொடுத்து வாங்கியது. ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டுக்கு வருடத்துக்கு ஒருமுறை சில சொட்டு எண்ணெய்; மேப்பிளுக்கு வேண்டவே வேண்டாம். தனிக் கைவினைஞர் படைப்புகளில் ஆமையோட்டு வண்ணப் பிக்கார்டு உண்மையான செல்லுலாய்டாக இருந்தால், அது வயதாக ஆக வெளிவிடும் வாயு பக்கத்து உலோகத்தை அரிக்கும். மாதத்துக்கொருமுறை கேஸைத் திறந்து காற்றாட விடுங்கள்.

வாசிக்கலாமா என்றால், வாசியுங்கள். அசலின் அமைப்பிலேயே கம்பி போட்டால் கிட்டார் சொன்னபடி கேட்கும். ஸ்டீவி ரே வான் 13 அளவுத் தடிமனான கம்பியை அரைச்சுரம் இறக்கி வாசித்தார். அந்த டிரிபியூட்டில் 13 கம்பியைச் சாதாரணச் சுருதிக்கு ஏற்றினால் நெக்கும் ட்ரெமோலோவும் முன்னால் இழுபடும். 9 கம்பி போட்டால் நட்டின் பள்ளத்தில் கம்பி தளர்ந்து அலறும். அளவு மாற்றினால் டிரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல், ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

எதையாவது மாற்றியே ஆக வேண்டுமென்றால், கழற்றிய ஒவ்வொரு திருகையும் நட்டையும் ஸ்பிரிங்கையும் பையில் போட்டு, தேதி எழுதி, கேஸின் உள்ளறையிலேயே வையுங்கள். பிக்கப் மாற்றும்போது பழைய பற்றவைப்பை உருக்காமல், கம்பியைச் சற்றுத் தள்ளி வெட்டி இணைத்தால் திரும்பிப்போகும் வழி திறந்திருக்கும். ஃப்ரெட் மாற்றுவது கடைசி முடிவாக இருக்கட்டும். கிப்சனில் பைண்டிங் மேடுகள் போய்விட்டால் திரும்ப வராது.

படி 10: பதிவும் காப்பீடும்

சாதாரண வீட்டுக் காப்பீட்டில் தனிப்பொருளுக்கான உச்சவரம்பு டிரிபியூட்டின் விலைக்கு வெகு கீழே இருப்பதுண்டு. 'ஒப்புக்கொண்ட மதிப்பு' முறையில் இசைக்கருவிக் காப்பீடு எடுங்கள். அதில் இழப்பு நேரும்போது மதிப்பைப் பேரம்பேச வேண்டியதில்லை. மேடையில் சம்பளத்துக்கு வாசித்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சொல்லாதது பிறகு மறுப்புக்குக் காரணமாகும்.

படங்கள் எடுக்கும்போது முன், பின், இரு பக்கங்கள், ஹெட்ஸ்டாக் இருபுறமும், சீரியல், ஒவ்வொரு பெரிய தழும்பும் அளவுகோலோடு, மின்பகுதியின் உள்பக்கம், எல்லாக் காகிதங்களும் இருக்கட்டும். மின் அளவுகளையும் எடையையும் ஒரு தாளில் எழுதி, அளந்த நாளின் அறை வெப்பத்தையும் குறித்துவிடுங்கள். அந்தத் தாளின் ஒரு பிரதி கேஸில், ஒன்று வீட்டுக்கு வெளியே. சான்றிதழின் அசலைக் கேஸில் வைக்காதீர்கள்: கிட்டார் திருடுபோனால் காகிதமும் சேர்ந்தே போகும், திருடியவருக்கு விற்பதும் எளிதாகிவிடும்.